ஆரியசாலையில் ஒரு வளைவைக் காணவில்லை

அத்தியாயம் 3

நகை காணாமல் போகும். நாய் காணாமல் போகும். பாஸ்புக் காணாமல் போய், ஊரையே சந்தேகப்பட்ட பிறகு வீட்டு அரிசிப் பானைக்குள்ளேயே கிடைக்கும். இதற்கெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள் அஜிதாவுக்கு மனப்பாடம். ஆனால் ஒரு கட்டடத்தின் வாசல் வளைவு காணாமல் போனால் எதைக் கேட்பது?

“கடைசியா அதை யார்கூட பாத்தீங்க அண்ணாச்சி?” என்று கேட்டு வைத்தாள்.

மிளகாய் வற்றல் மண்டிக்காரர் ஆறுமுகசாமி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பின்னால் நின்ற கோமதிநாயகத்திடம் திரும்பினார். “அண்ணாச்சி, இந்தப் பிள்ளை எப்பவும் இப்படித்தானா, இல்ல இன்னைக்கு என் நேரமா?”

“எப்பவும் இப்படித்தான். நாலு வருஷமா சம்பளம் கொடுத்து வச்சிருக்கேன்.”

“அது சம்பளமாக்கும்னு இப்பத்தான் தெரியுது சாரே,” என்றாள் அஜிதா.

கோமதிநாயகம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். தீப்பிடித்த கடைகளையும் தீப்பிடிக்க வைத்த கடைகளையும் பார்த்துப் பார்த்து, மனுஷன் வாயை நம்பும் பழக்கம் அவருக்கு அடியோடு விட்டுப்போயிருந்தது. தரையை மட்டும் நம்புவார். கிழக்கேகோட்டையில் குடை ரிப்பேர் கடைக்கு மேலே அவருடைய துப்பறியும் நிலையம். அஜிதா அங்கே உதவியாளர், கார் டிரைவர், மலையாளத்தில் சண்டை போட வேண்டி வந்தால் அதற்கும் அவள்தான்.

அவர்கள் நின்றது ஆரியசாலையின் உள் சந்து ஒன்றில். சாலைக் கடைத்தெரு திவான் காலத்தில் பிறந்தபோது, தெற்கேயிருந்து மாட்டு வண்டியில் சரக்கு வந்து இறங்கிய சந்துகள் இவை. ஆறுமுகசாமியின் மண்டியும் அந்தக் காலத்துப் பண்டகசாலைதான். கீழே செங்கல்லும் சுண்ணாம்பும், மேலே மரத்தட்டு, அதற்கு மேல் ஓட்டுக்கூரை. வாசலில் பாரம் ஏற்றிய வண்டி இடிக்காமல் நுழையும் அகலத்துக்கு ஒரு வளைவு. அதாவது, வளைவு இருந்த இடம். இப்போது இரண்டு தூண்களும், நடுவில் ஒரு மரச் சாரமும், மேலே ஆகாசமும்தான் இருந்தன.

“எங்க பாட்டன் இந்த வாசல் வழியாட்டு வண்டி ஓட்டிட்டு வந்திருக்காரு,” என்றார் ஆறுமுகசாமி. “நாளைக்குச் சாயங்காலம் கமிட்டி வந்து பாக்கும்போ வளைவு இல்லேன்னா, ரோட்டை அகலமாக்குகேன்னு பாதி மண்டியை வெட்டிட்டுப் போயிருவான். மீதிப் பாதியில வத்தல் மூட்டையை வைக்கதா, நான் நிக்கதா?”

அவர் கண்கள் கலங்கின. வற்றல் மண்டியில் யார் அழுகிறார்கள், யாருக்கு வெறும் நெடி என்று சொல்வது சிரமம். இவர் நிஜமாகவே அழுதார். அதைப் பார்த்ததும் அஜிதா வாய் வரை வந்த நக்கலை விழுங்கிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற ஸ்ரீப்ரியா விஷயத்தை விளக்கினாள். கரமனை அக்கிரகாரத்துப் பெண், பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் இன்ஜினியர். சாலை அகலமாவதால் வளைவைப் பிரித்து, இரண்டடி உள்ளே தள்ளி, அதே கல்லை அதே வரிசையில் திரும்பக் கட்டினால் மண்டி தப்பும் என்று பாரம்பரியக் கட்டடக் கமிட்டி சொல்லியிருந்தது. பிரித்தது அவள். தொலைத்ததும் அவள்தான் என்று ஆறுமுகசாமி தினமும் காலையில் ஒரு தடவை போன் போட்டு நினைவுபடுத்துகிறார்.

“வளைவுக் கல்லு சாதாரணச் செங்கல் மாதிரி இருக்காது ஸார்,” என்றாள். “ஒரு முனை தடிமன், ஒரு முனை மெலிசு. மெலிசு முனை கீழே பாத்து, தடிமன் முனை மேலே பாத்து நெருக்கி அடுக்கினாத்தான் வளையும். வரிசை மாறப்படாதுன்னு ஒவ்வொரு கல்லுக்கும் தடிமன் முனையில வெள்ளை பெயின்ட்ல நம்பர் போட்டேன். உச்சிக்கல் ஒண்ணு. அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் இறங்கி வரும். எல்லாத்தையும் இந்தச் சுவரோரமா அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடிட்டு ஆத்துக்குப் போனேன். மறுநாள் பொங்காலை. அதுக்கு மறுநாள் வந்தா, தார்ப்பாய் மட்டும்தான் இருக்கு.”

ஆற்றுக்கால் பொங்காலை அன்று திருவனந்தபுரம் முழுக்கப் பெண்கள் ராஜ்ஜியம். கோயிலைச் சுற்றி மைல் கணக்கில் தெருவுக்குத் தெரு, சந்துக்குச் சந்து, மூன்று செங்கல் கூட்டி அடுப்பு வைத்துப் பொங்கலிடுவார்கள். ஆண்பிள்ளைகள் மோர் ஊற்றிக் கொடுக்கலாம், இல்லையென்றால் ஊரைவிட்டுப் போகலாம். ஆறுமுகசாமி மண்டியைப் பூட்டிவிட்டு நாகர்கோவிலில் மைத்துனன் வீட்டுக்குப் போய்விட்டார்.

“பொங்கல் முடிஞ்சா அடுப்புக் கல்லை எல்லாரும் அங்கேயே விட்டுட்டுப் போவாங்க,” என்றாள் அஜிதா. “கார்ப்பரேஷன் வாரிட்டுப் போய் ஏழைங்களுக்கு வீடு கட்டக் கொடுக்கும். அதுல சேந்து போயிருக்கும் சாரே.”

“அதை முதல் நாளே பாத்துட்டேன்,” என்றாள் ஸ்ரீப்ரியா. “வாரின கல்லைக் கொட்டி வச்ச இடத்துல அரைநாள் நின்னு தேடினேன். நம்பர் போட்ட கல் ஒண்ணுகூட இல்ல.”

கோமதிநாயகம் இதற்குள் தரையில் குந்திவிட்டார். தொப்பை முழங்காலில் இடிக்க, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மடித்து வைத்திருந்த தார்ப்பாயைத்தான் முதலில் பார்த்தார்.

“இதை மடிச்சது நீயாம்மா?”

“இல்லை ஸார். வந்தப்பவே இப்படித்தான் இருந்தது.”

“ஓரத்தோட ஓரம் சேத்து, நாலா மடிச்சு, காத்துல பறக்காம மேல ஒரு கல்லும் வச்சிருக்கான். எந்த ஊர்த் திருடன் அஜிதா இவ்வளவு பாந்தமா இருப்பான்?”

“என் வீட்டுக்காரர் இல்ல சாரே. அவர் போர்வை மடிச்சே நான் பாத்ததில்ல.”

கோமதிநாயகம் வாத்து நடையில் சுவரோரமாக நகர்ந்தார். அடுப்பு எரிந்த கரித் திட்டுகள் வரிசையாக இருந்தன. கார்ப்பரேஷன்காரர்கள் இந்த உள் சந்தைப் பெருக்கியதோடு சரி, கழுவவில்லை. ஒவ்வொரு திட்டின் பக்கத்திலும் பொங்கி வழிந்த வெல்லப் பாகு காய்ந்து, எறும்புகள் மொய்த்துக் கிடந்தன. அவர் ஒவ்வொரு எறும்புக் கூட்டத்தையும் சொந்தக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர் மாதிரி நின்று விசாரித்தார்.

“சாரே, எறும்பு செங்கல் தூக்காது,” என்றாள் அஜிதா. “சர்க்கரைதான் தூக்கும்.”

“அந்தப் பக்கம் பாரு.” சந்தின் மேற்கு ஓரத்தைக் காட்டினார். அங்கேயும் கரித் திட்டுகள். “அங்கே எறும்பு நாலு பக்கமும் நிக்குது. ஒரு பானை தெக்கே வழிஞ்சிருக்கு, ஒண்ணு வடக்கே, ஒண்ணு ரோட்டுப் பக்கம். இந்தக் கிழக்கு ஓரத்துல மட்டும் எல்லா எறும்பும் சுவர்ப் பக்கமாவே நிக்குது. அத்தனை பானையும் ஒரே திசையில பொங்கியிருக்கு.”

“கிழக்கேயா?” அஜிதாவுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. “கிழக்கே பொங்கினா கேட்டது உடனே நடக்கும் சாரே. வடக்கேன்னா கொஞ்சம் தாமசிக்கும். எனக்குத் தெக்கே பொங்கிச்சு. கஷ்டம் இன்னும் தீரலைன்னு அர்த்தம். மாமியார் அன்னைலேர்ந்து என்னைப் பாத்தாலே ‘கஷ்டம், கஷ்டம்’னு சொல்லிட்டிருக்காங்க.”

“ஓகோ,” என்றார் கோமதிநாயகம். அவர் ‘ஓகோ’ என்றால் ஏதோ ஒன்று அகப்பட்டுவிட்டது என்று பொருள். என்ன அகப்பட்டது என்று கேட்டால் மட்டும் சொல்ல மாட்டார். அஜிதாவுக்கு அவரிடம் பிடிக்காத குணம் இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் பழகிவிட்டன.

ஆறுமுகசாமிக்கோ பொறுமை போய்விட்டது. “எறும்பைப் பாத்தது போதும் அண்ணாச்சி! எடுத்தவன் ஆருன்னு ஊருக்கே தெரியும். அந்த பில்டர் அழகியநம்பியாக்கும். பின்னால காலி மனையெல்லாம் அவன் வாங்கியாச்சு, என் மண்டி ஒண்ணுதான் குறுக்கே நிக்குது. பொங்காலை அன்னைக்கு மத்தியானம் அவன் டிரைவர் இங்க வந்து, பட்டுத்துணியில பொதிஞ்ச ஒரு மூட்டையை ரெண்டு கையாலயும் தாங்கித் தூக்கிட்டுப் போனதை டீக்கடைக்காரன் கண்ணால கண்டிருக்கான்!”

“இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள் அஜிதா.

“நீ எங்கே பிள்ளே விட்டே?”

கழக்கூட்டம் போகும் நெடுஞ்சாலையில் ஐ.டி. கம்பெனி பஸ்களுக்கு நடுவே காரை நுழைத்தபடி அஜிதா வழக்கை முடித்துவிட்டாள். வளைவைத் திருடினால் மண்டி இடியும், மண்டி இடிந்தால் மனை கிடைக்கும். “ஆளும் கிடைச்சான், காரணமும் கிடைச்சுது. எந்தினா சாரே யோசிக்கிறீங்க?”

“பட்டுத்துணியை யோசிக்கிறேன். திருட்டுச் செங்கலைச் சாக்குல கட்டுவானா, பட்டுல கட்டுவானா?”

அழகியநம்பியின் வீடு அவனே கட்டிய அடுக்கு மாடியின் உச்சித் தளத்தில் இருந்தது. நாற்பது வயது, தும்பைப்பூச் சட்டை, கை குலுக்கும்போதே வெளியே போகச் சொல்லும் சிரிப்பு. ஹாலின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் கட்டப்போகும் வணிக வளாகத்தின் மாதிரி.

“செங்கல்லா?” என்றான். “நான் லாரி லாரியா செங்கல் வாங்குறவன் சார். போயும் போயும் பழைய கல்லைத் திருடுவேனா?”

நியாயமான கேள்வி. ஆனால் கேட்கும்போது அவன் கண் கோமதிநாயகத்தின் முகத்தில் நிலைக்கவில்லை. அஜிதா தாகம் என்று சொல்லி எழுந்தாள். சமையலறை இடது பக்கம் என்று தெளிவாகத் தெரிந்தது. வலது பக்கம் திரும்பினாள்.

மறு நிமிஷம் அவள் அலறல் வீடு முழுக்கக் கேட்டது. “சாரே! ஓடி வாங்க! கல்லு கிட்டிப்போச்சு!”

ஓடி வந்த கோமதிநாயகம் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். பூஜை அறை. கிழக்குச் சுவரில் ஆற்றுக்கால் அம்மன் படம், அதன் முன்னால் பட்டு விரிப்பில் மூன்று செங்கற்கள். சந்தனம், குங்குமம், செம்பருத்தி மாலை. நடுக்கல்லின் முகத்தில், குங்குமத்துக்குக் கீழே, வெள்ளை பெயின்ட்டில் கொட்டை எழுத்தாக ‘1’.

“தொடாதே மக்களே!” என்று பின்னால் ஒரு குரல் அதட்டியது. அழகியநம்பியின் அம்மா பொன்னம்மை. எழுபது வயது, நாஞ்சில் நாட்டு உடம்பு. “குளிச்சியா நீ?”

“குளிச்சேன் அம்மா,” என்றாள் அஜிதா, திருடனைப் பிடித்த பெருமையெல்லாம் ஒரே நொடியில் போய். “இந்தக் கல்லு எப்படி இங்க வந்துச்சு?”

“நான் கொண்டாந்தேன். ஆரியசாலைச் சந்துல எடம் பிடிக்கணும்னு முந்தின நாளே போனோம், நாங்க கொஞ்சம் பேரு. பாத்தா இந்த வருஷம் கார்ப்பரேஷன்காரன் அடுப்புக் கல்லுக்கே நம்பர் போட்டு, வெயில் படாம மூடியும் வச்சிருக்கான்! இவ்வளவு காலத்துல இப்படி ஒரு வசதி கண்டதில்ல. தள்ளுமுள்ளு இல்லாம ஆளுக்கு மூணு கல்லு எடுத்து, தார்ப்பாயை மடிச்சு வச்சோம். எனக்கு ஒண்ணாம் நம்பர் கிடைச்சுது. ஒண்ணுன்னா சும்மாவா?”

அஜிதா கோமதிநாயகத்தைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி அம்மா. முடிஞ்சதும் கல்லை அங்கேயே விட்டுட்டுத்தானே வருவீங்க?”

“எப்படி விடுவேன்? எங்க வரிசையில அத்தனை பானையும் கிழக்கே பொங்கிச்சு பிள்ளே! ஒண்ணு தப்பல்ல! எல்லாரும் குலவை போட்டு, அழுது, கல்லை மடியில கட்டிட்டு வந்தோம், என்னுதை மட்டும் டிரைவர் பட்டுல பொதிஞ்சு தூக்கியாந்தான். இவனுக்குக் கல்யாணம் ஆகணும்னு வேண்டியிருந்தேன். மறுநாளே பெண் வீட்டுக்காரங்க போன் பண்ணிட்டாங்க. நாற்பது வயசு வரைக்கும் அடிக்காத போனு!”

“அம்மா,” என்றான் அழகியநம்பி, காது சிவக்க.

அஜிதாவுக்குள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது இந்த இடத்தில்தான். “அம்மா, அடுப்புல கல்லை வைக்கும்போ நம்பர் எந்தப் பக்கம் பாத்து வச்சீங்க?”

“சந்தைப் பாத்துத்தான். தீர்த்தம் தெளிக்க வர்றவனுக்கு நம்பர் தெரியணும்லா?”

சந்து மேற்கே. நம்பர் இருப்பது தடிமன் முனையில். அப்படியானால் மெலிந்த முனை கிழக்கே. சரிந்த கல்லின் மேல் சரிந்த பானை. அஜிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோமதிநாயகம் தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, பவ்வியமாக, ஒன்றாம் நம்பர் கல்லின் நடுவில் வைத்தார். பழம் அரை நொடி யோசித்துவிட்டு அம்மன் படத்தைப் பார்த்து உருண்டு போய் விழுந்தது.

“பாத்தீங்களா அம்மா? இது வாசல் வளைவுக் கல்லு. ஒரு பக்கம் சரிவு. அதனாலதான்...” என்றார் கோமதிநாயகம்.

“அம்மே, தாயே!” பொன்னம்மை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “எலுமிச்சையும் கிழக்கே போகுதே!”

“அம்மா, கல்லு சரிஞ்சிருக்கறதாலதான் பானை சரிஞ்சுது.”

“கல்லு சரிஞ்சிருக்கு. சரி. சரிய வச்சு எங்க கையில கொண்டாந்து தந்தது ஆரு?”

கோமதிநாயகம் சர்வேயர் உத்தியோகத்தில் எத்தனையோ கில்லாடிகளை மடக்கியவர். இப்போது உருண்டு விழுந்த எலுமிச்சையைப் பொறுக்கித் தட்டிலேயே திரும்ப வைத்தார். அஜிதா அவரை ஓரமாக நகர்த்திவிட்டு முன்னால் வந்தாள்.

“அம்மா, யார் தந்தாலும் தந்ததுதான். நான் மறுக்கல்ல. ஆனா இந்தக் கல்லெல்லாம் நாளைக்குத் திரும்ப வளைவாட்டு நிக்கலேன்னா ஆறுமுகசாமி அண்ணாச்சியோட மண்டியில பாதியை இடிச்சிருவாங்க. பாட்டன் காலத்து மண்டி. அந்த மனுஷன் காலைல என் முன்னால அழுதாரு. எனக்கு அது சகிக்கல்ல.” நக்கல் அடிக்காமல் அவள் பேசியது அன்றைக்கு இதுதான் முதல் தடவை.

பொன்னம்மை யோசித்தாள். “இடிச்சா அந்த எடத்துல என்ன வரும்?”

அஜிதா ஹாலைப் பார்த்தாள், பிறகு பொன்னம்மையின் கையைப் பிடித்து அந்தக் கண்ணாடிப் பெட்டியிடம் அழைத்துப் போனாள். ஆறுமுகசாமியின் மண்டி இருக்க வேண்டிய இடத்தில் பொம்மைக் கார்கள் வரிசையாக நின்றன.

“லே நம்பி,” என்றாள் பொன்னம்மை, மெதுவாக. “பழைய கட்டடம், தானா விழுந்துட்டுன்னுல்லா என்கிட்ட சொன்னே?”

“விழப்போறதுதானம்மா...”

“சாமிக்கல்லு நின்ன வாசலை இடிச்சு அதுல கார் நிறுத்துகவனுக்கு எந்த ஊர்க்காரன் பெண்ணு தருவான்? அந்தப் போனை எடு.”

அவன் அவளுடைய போனை எடுத்துக் கொடுத்தான். பொங்காலை முடிந்த அன்று சாயங்காலமே அந்த வரிசைப் பெண்கள் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருந்தார்கள். பெயர், ‘கிழக்கே பொங்கினவர்கள்’. பொன்னம்மை போனை வாயருகே வைத்துக்கொண்டு குரல் செய்தி அனுப்பினாள். “எல்லாரும் கேளுங்க. அம்மனோட கல்லுக்கு எடம் வேணுமாம். வீட்டுக்குள்ள நாம மட்டும் கும்பிட்டாப் போதுமா? ஊரு கும்பிடட்டும். நாளைக் காலம்பற குளிச்சிட்டுக் கொண்டாங்க.”

மறுநாள் விடிந்ததும் ஆரியசாலைச் சந்துக்குள் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். கரமனையிலிருந்து, வஞ்சியூரிலிருந்து, ஒருத்தி நெடுமங்காட்டிலிருந்து பஸ் ஏறி. மடியிலும் தாம்பாளத்திலும் கல். ஸ்ரீப்ரியா நம்பர் பார்த்து வாங்கி வாங்கி வைத்தாள். குங்குமத்தைத் துடைக்கக் கூடாது, நம்பரை மறைத்துச் சுண்ணாம்பு பூசக் கூடாது என்று அவர்கள் போட்ட நிபந்தனைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். மேஸ்திரி மரச் சாரத்தின் மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் கல்லை ஏற்றிக்கொண்டே போனார். ஆறுமுகசாமி எல்லாருக்கும் நாரங்கா வெள்ளம் என்று எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து கொடுத்தார், ஒவ்வொரு டம்ளரிலும் வற்றல் நெடி அடித்தது.

மூன்று மணிக்கு வளைவு உச்சிக்கு வந்துவிட்டது. நடுவில் ஒரு கல் அகலத்துக்கு இடைவெளி. பொன்னம்மையைக் காணோம்.

“சாரே, அம்மா மனசு மாறியிருப்பாங்களோ?” அஜிதா நகத்தைக் கடித்தாள். கோமதிநாயகம் தரையைப் பார்த்தார். தரையிலும் பதில் இல்லை. ஆறுமுகசாமி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, சாரம் இல்லாமல் போனால் அத்தனை கல்லும் விழுமே என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணி ஆகும் நேரத்தில் சந்து முனையில் கார் நின்றது. பொன்னம்மை இறங்கினாள். பின்னால் அழகியநம்பி, தும்பைப்பூச் சட்டையில், பட்டுத்துணியில் மூன்று கல்லையும் நெஞ்சோடு அணைத்தபடி.

“மேஸ்திரி, நீ இறங்கு,” என்றாள். “இவன் வைப்பான்.”

“அம்மா, எனக்கு ஏணின்னா தலை சுத்தும்.”

“இருபது மாடி கட்டுகவனுக்கு ஒரு ஏணி ஏற முடியாதா? பெண் வீட்டுக்காரங்க போனை நான் எடுக்கணுமா, வேண்டாமா?”

அவன் ஏறினான். ஸ்ரீப்ரியா கீழேயிருந்து கற்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். மேஸ்திரி சொல்லச் சொல்ல முதலில் பக்கக் கற்கள் இரண்டும், பிறகு ஒன்றாம் நம்பரும் சுண்ணாம்பில் பதிந்தன. பெண்கள் குலவை போட்டார்கள். உள்ளங்கையால் உச்சிக்கல்லை அழுத்திப் பிடித்தபடி, வேர்த்து வழிந்து, அழகியநம்பி கண்ணைத் திறந்து கீழே பார்த்தபோது கமிட்டிக்காரர்கள் சந்துக்குள் வந்து நின்றிருந்தார்கள்.

அவர்களில் மூத்த அதிகாரி வளைவைப் பார்த்தார். இரண்டு தூணையும் தட்டிப் பார்த்தார். நம்பர்களை வரிசையாக விரல் விட்டு எண்ணி, உச்சிக்கு வந்து, அங்கிருந்த கையைப் பார்த்து, கையிலிருந்து முகத்துக்கு வந்தார். தமிழும் மலையாளமும் கலந்து, குழம்பிப் போய்க் கேட்டார்.

“நீங்க அழகியநம்பி அல்லே? இங்க வளைவுன்னு ஒண்ணு இல்லவே இல்ல, ஸ்தலத்தை நேரில பாத்தேன்னு நேத்து எனக்கு எழுதிக் கொடுத்தது நீங்கதானே?”

அழகியநம்பி ஏணியில் நின்றபடி அம்மாவைப் பார்த்தான்.

“நேத்து அவன் சரியாப் பாக்கல்ல சாரே,” என்றாள் பொன்னம்மை. “இன்னைக்குத்தான் மேல ஏத்திக் காட்டியிருக்கேன். லே, கையை எடுக்காதே. வளைவு இருக்குன்னு அவரு எழுதி முடிக்கட்டும்.”